கையைத் தூக்கினால் போதும்

உங்கள் அறை மின்விசிறியின் ஓர் இறக்கை லேசாக வளைந்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை தட்டுகிறது. நேற்று அதற்கு நேர்கீழே கைப்பேசியை வைத்து, "பேசுங்க" என்றீர்கள். பக்கத்தில் டீ. நீங்கள் டீயை உறிஞ்சிக் குடிப்பவர். அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டால் என் வாக்குமூலத்தைவிட உங்கள் டீதான் தெளிவாகக் கேட்கும். அதனால்தான் எழுதித் தருகிறேன் என்றேன். காகிதத்தில் எச்சில் இல்லை.

என் பெயர் குமரகுரு. வயது நாற்பத்தேழு. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, ஓர் அறக்கட்டளைக் கட்டடத்தின் மாடியில் இருக்கும் சமுதாய வானொலியில் பதினோரு வருடமாகத் தயாரிப்பாளர். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வரும் 'நம்ம ஊர் ஆட்கள்' என் நிகழ்ச்சி. மேற்கே செங்கோட்டை, தெற்கே கடையம் வரை கேட்கும். இதுவரை ஐந்நூற்று முப்பத்தாறு பேரைப் பேட்டி எடுத்திருக்கிறேன். எழுத்தாளர்கள், தலைமையாசிரியர்கள், ரத்தம் கொடுப்பவர்கள், குளம் தூர் வாரியவர்கள். ஐந்தருவியில் பழக்கடை வைத்துக்கொண்டே, வழுக்கி விழுந்தவர்கள் நாற்பது பேரைத் தூக்கிவிட்ட ஒருவரும் வந்திருக்கிறார்.

ஊருக்கு அவர்களைக் குரலாகத் தெரியும். எனக்கு வாயாகத் தெரியும்.

நீங்கள் ஹெட்போன் போட்டு ஒரு மனிதரை ஒரு மணி நேரம் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். நல்ல மைக் ஓர் அடி தூரத்தில் இருந்தால், பேசுகிறவரின் வாய் உங்கள் காதுக்குள் வந்துவிடும். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்பும் நாக்கு மேலண்ணத்திலிருந்து பிரியும். ஈரச் சத்தம். பல்செட் அசையும். தொண்டையில் சளி ஏறும், அதை விழுங்குவார்கள், விழுங்கியது இறங்குவதும் கேட்கும். ஒரு கல்லூரி முதல்வர் காந்தியைப் பற்றிப் பேசிய நாற்பது நிமிடமும் கடைவாயில் மிக்சர் துணுக்கு ஒன்றை நாக்கால் தோண்டிக்கொண்டிருந்தார். பரோட்டாவும் கோழியும் தின்றுவிட்டு நேரே வந்த ஒரு நாவலாசிரியர், மனிதநேயம் என்ற சொல்லின் நடுவில் ஏப்பத்தை வாய்க்குள் பிடித்து, மூக்கால் விட்டார். அவருக்கு விருது கிடைத்தது. எனக்கு அந்தக் காற்றுதான் ஞாபகம்.

இதையெல்லாம் வெட்டுவது என் வேலை. நான் வெட்டிக் கொடுத்த மனிதர்களைத்தான் இந்த ஊர் கேட்டது. சுத்தமான மனிதர்கள்.

அதற்குச் சில ஏற்பாடுகள் வைத்திருந்தேன். அவை உங்களுக்குத் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன். ஸ்டுடியோவுக்கு வெளியே ஸ்டூலின் மேல் ஒரு எவர்சில்வர் தட்டு. உள்ளே வருகிறவர்கள் கைப்பேசி, வளையல், சாவி, சில்லறை, சத்தம் போடும் எதுவானாலும் அதில் வைத்துவிட்டு வர வேண்டும். கதவை மூடி சிவப்பு விளக்கைப் போட்ட பிறகு யாரும் உள்ளே வரக்கூடாது. முதல் ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது; அறையின் அமைதியை மட்டும் பதிவு செய்வேன். பிறகு வெட்டும் இடங்களில் அந்த அமைதியை வைத்துத்தான் அடைப்பேன். கடைசியாக, பதிவு நடக்கும்போது தண்ணீர் வேண்டும், எழுந்து போக வேண்டும் என்று வாயால் சொல்லக்கூடாது. வாக்கியம் கெட்டுவிடும். எல்லாரிடமும் ஒன்றே சொல்வேன்: "கையைத் தூக்கினால் போதும். நான் பாத்துக்கிடுவேன்."

உலகம்மாள் டீச்சரைச் சொல்வதற்கு முன் அவர் கணவரைச் சொல்ல வேண்டும்.

சிவசைலம் சார் கடையம் பக்கம் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பதினெட்டு வருடம் சைக்கிளில் அலைந்து, அந்த வட்டாரத்துக் குளங்கள், மடைகள், ஓடைகளின் பெயர்களைச் சேகரித்துப் புத்தகம் போட்டார். நல்ல புத்தகம். மூன்று வருடத்துக்கு முன் அவரை அழைத்தேன். போனில் டீச்சர்தான் பேசினார். வந்து உட்கார்ந்த பிறகுதான் அவருக்குத் திக்குவாய் என்று தெரிந்தது.

ஒரு மடையின் பெயரைச் சொல்ல அவருக்கு அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடமும் உதடு ஒட்டும், பிரியும், மறுபடி ஒட்டும். ஓரத்தில் நுரை சேரும். அந்த நுரை உடைவதும் மைக்கில் விழும். ஒரு மணி ஐம்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை.

எட்டு நாள் வெட்டினேன். ஆயிரத்து நூற்று நாற்பது வெட்டு. முடிவில் இருபத்தெட்டு நிமிடம் மிஞ்சியது. அதில் ஒரு மனிதர் தங்குதடையில்லாமல் பேசினார். என் வேலையில் அதுதான் ஆகச் சிறந்தது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒலிபரப்பானது. திங்கட்கிழமை அவர் டீக்கடைக்குப் போயிருக்கிறார். அங்கே நடந்ததை டீச்சர் பிறகு எனக்குப் போனில் சொன்னார். ஒருவர், "என்ன சார், ரேடியோக்காரன்ட்ட மட்டும் மடை தொறந்தாப்ல பேசுதிய. எங்கள்ட்ட வந்தா இழுத்துக்கிட்டு நிக்கிய," என்றாராம். இன்னொருவர், "அறுவது வருசமா ஊரையே ஏமாத்திட்டீரே வே," என்றாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். கெட்ட எண்ணம் இல்லை. நல்லது நடந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள். அதுவரை அவர் ஒரு சொல்லைச் சொல்லி முடிக்கும்வரை ஊர் காத்திருக்குமாம். அதன்பிறகு யாரும் காத்திருக்கவில்லை.

அவர் பேச்சை நிறுத்திவிட்டார். வீட்டிலும்தான். துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டியிருக்கிறார். பதினான்கு மாதம். பிறகு மாரடைப்பு.

காரியம் முடிந்த மறுவாரம் டீச்சரிடமிருந்து போன் வந்தது. அவர் அழவில்லை. அதை நான் மதித்தேன்.

"தம்பி, ரேடியோல வந்தது அவுக குரலு இல்ல. அவுக குரலு ஒங்கள்ட்டதான் இருக்கு. திக்குனது, முழுங்குனது எல்லாத்தோடயும் ஒருக்காக் கேக்கணும். கடைசி வருசம் எனக்கு ஒரு சத்தங்கூட இல்லாமப் போச்சு."

"அழிச்சாச்சு டீச்சர்."

"எல்லாத்தையுமா?"

"வெட்டுனத வச்சுக்கிடுறது இல்ல டீச்சர். இடம் பத்தாது."

அது பொய். என் கம்ப்யூட்டரில் 'கழிவு' என்று பெயரிட்ட ஒரு பகுதி இருப்பதை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். பதினோரு வருடமாக வெட்டியெடுத்த எல்லாம் அதில் இருக்கிறது. ஆளாளுக்குத் தனித்தனிக் கோப்பு. மொத்தம் நாற்பத்தோரு மணி நேரம். சிவசைலம் சாருடையது மட்டும் எண்பத்திரண்டு நிமிடம். புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் நடத்த உதவும் என்று வைத்திருந்தேன். யாருக்கும் நடத்தியதில்லை. போன ஒரு வருடத்தில் மட்டும் எழுநூறு தடவைக்கு மேல் அதைத் திறந்திருக்கிறேன் என்று உங்கள் கம்ப்யூட்டர் ஆள் சொல்லிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அசிங்கத்தை உடனே அடையாளம் காண வேண்டுமானால் அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் பழக வேண்டும். ஆய்வுக்கூடத்தில் மலம் சோதிப்பவரை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

இந்த வருடம் வைகாசியில் டீச்சரின் புத்தகம் தபாலில் வந்தது. 'சிலேட்டுத் தண்ணீர்.' முப்பத்தெட்டு வருடம் ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திய கதை. ஆவணி முதல் ஞாயிறு தென்காசியில் வெளியீட்டு விழா என்று ஒரு சீட்டும் உள்ளே இருந்தது. பேட்டிக்கு வருகிறவரின் புத்தகத்தை முழுதாகப் படித்துவிடுவது என் வழக்கம். ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் 'பேசாத வீடு' என்று பெயர். அதில் ஒரு வானொலிக்காரர் வருகிறார். பெயர் போடவில்லை. போட வேண்டியதும் இல்லை, இங்கே ஒருவன்தான். அத்தியாயத்தின் கடைசி வரி: 'வெட்டியவருக்குக் காது இருந்தது. கேட்கத் தெரியவில்லை.'

அத்தியாயத்தில் இரண்டு எழுத்துப்பிழைகள் இருந்தன. பென்சிலால் திருத்தினேன். எனக்குக் கோபம் வரவில்லை. அதை நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். இரண்டு தடவையும் அதையேதான் சொன்னேன். விழாவுக்கு நூறு பேர் வருவார்கள். அதில் பாதிப்பேர் என் நிகழ்ச்சிக்கு வந்தவர்கள். தங்கள் குரல் தங்களுடையதுதானா என்று அவர்கள் வீட்டுக்குப் போய் யோசிப்பார்கள். அவ்வளவுதான். அதனால் என்ன.

அவரைப் பேட்டிக்கு அழைத்தேன்.

"வாரேன் தம்பி," என்றார். "ஆனா இப்பம் வேண்டாம். எனக்கு இழுப்பு உண்டும். சாரல் நேரம் ஒத்துக்கிடாது. குளிர்ந்த ரூம்ல உக்காரவே முடியாது பாத்துக்கிடுங்க. தை, மாசில வச்சுக்கிடுவோமே."

"விழாவுக்கு முந்தி ஒலிபரப்புனாத்தான் டீச்சர் கூட்டம் வரும். புஸ்தகமும் நாலு பேரு கைக்குப் போவும்."

போனிலேயே மூச்சு விசிலடித்தது.

"சரி, நீங்க சொன்னாச் சரிதான். ஒரு பொம்பளப்புள்ள இருப்பால்லா கூட?"

"எங்க ஆபீஸ் பொண்ணு எப்சிபா இருப்பா."

ஆடி பதினான்காம் தேதி வைத்தேன். அந்த வாரம் சாரல் உச்சத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். மழைச் சத்தம் பின்னணியில் லேசாக இருந்தால் அமைதி அடர்த்தியாக இருக்கும். அதற்காகத்தான் வைத்தேன்.

ஃபோம் ஷீட்டுகளையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஸ்டுடியோவின் சுவரில் எதிரொலியைத் தடுக்க ஒட்டியிருந்த பழைய ஷீட்டுகள் போன மழைக்குப் பூஞ்சை பிடித்துக் கறுத்துப்போயின. எப்சிபாவுக்கு நாள் முழுக்கத் தும்மல். சித்திரையில் புதியது வாங்கி மாட்டினோம். பழையதைச் சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டிருந்தோம். பேட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் அதில் நான்கை எடுத்துவந்து, விருந்தினர் நாற்காலிக்குப் பின்னால், தலை உயரத்துக்கு ஒட்டினேன்.

எப்சிபா எங்கள் ஒலிபரப்பைப் பார்த்துக்கொள்கிற பெண். வயது இருபத்து நான்கு. வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி, இது பூஞ்சைலா? எரிச்சுப் போடணும்னு நீங்கதான சொன்னிய."

"டீச்சருக்குக் கீச்சுக் குரல். எதிரொலிக்கும்."

"குரல் எதிரொலிக்குதோ இல்லியோ, நாத்தம் எதிரொலிக்கும். செத்த எலி மாரி அடிக்கி."

"மைக்குக்கு மூக்கு கிடையாது," என்றேன். சிரித்துவிட்டுப் போனாள். அதுவும் உங்களிடம் சொல்லியிருப்பாள்.

டீச்சர் பத்தரைக்கு வந்தார். கடையத்திலிருந்து பஸ். குடை பிடித்தும் தோள்பட்டை நனைந்திருந்தது. அறுபத்தேழு வயது. ஒல்லியான உடம்பு, பருத்திப் புடவை, கையில் ஒரு துணிப்பை. மாடியேறி வந்ததில் இரண்டு நிமிடம் பேச முடியவில்லை. பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இரண்டு தடவை இழுத்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கீழுதட்டில் மருந்தின் ஈரம். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

கண்ணாடி வளையல் நான்கையும் கழற்றித் தட்டில் வைத்தார். கைப்பேசியை வைத்தார். பையோடு உள்ளே வரப் பார்த்தார்.

"பையும் வேண்டாம் டீச்சர்."

"பைக்குள்ளதான் பம்பு கிடக்கு தம்பி. அது எங்கூடவே இருக்கட்டும்."

"குலுங்கும் டீச்சர். உள்ள இருக்க டப்பா கடகடங்கும். இங்கன தட்டுலயே இருக்கட்டும், கதவுக்கு வெளியதான. வேணும்னா கையத் தூக்குனாப் போதும். நான் பாத்துக்கிடுவேன்."

"கையத் தூக்கணுமா?" சிரித்தார். "முப்பத்தெட்டு வருசம் புள்ளையளைத் தூக்கச் சொன்னேன். இப்பம் என் முறை."

பையையும் தட்டின் மேல் வைத்தார்.

உள்ளே போனோம். மேசைக்கு அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் நான். கதவு என் முதுகுப் பக்கம். ஏ.சி. பதினெட்டில் இருந்தது, எப்போதும் அதில்தான் இருக்கும். சிவப்பு விளக்கைப் போட்டேன். இரண்டு மைக், இரண்டு ஹெட்போன். ஒவ்வொரு மைக்கும் தனித் தடத்தில் பதிவாகும். அவருடையது முதல் தடம், என்னுடையது இரண்டாவது. ஒரு நிமிட அமைதியைப் பதிவு செய்தேன்.

அந்த ஒரு நிமிடம் பயன்படவில்லை. அவர் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் ஒன்று கேட்டது. மூச்சு வெளியேறும்போது விசில், உள்ளே போகும்போது ஈரத்துணியைப் பிழிவது போல ஒன்று. ஒரு மனித உடம்புக்குள் இவ்வளவு சத்தம் இருப்பதை யாரும் எனக்கு முன் இவ்வளவு அருகில் கேட்டிருக்க மாட்டார்கள். கணவராவது உதட்டோடு நின்றார். இவர் நுரையீரலிலிருந்தே ஆரம்பித்தார். என் கை காதுக்குப் போனது. ஹெட்போனைக் கழற்றவில்லை. அது என் வேலை.

நன்றாகவே பேசினார். பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒன்று சொன்னார். "ஒண்ணாங்கிளாஸ் புள்ளைக்கு இன்னும் பேச்சு வராது. அது கையத் தூக்குதுன்னா, உள்ள என்னமோ முட்டுதுன்னு அர்த்தம். கையத் தூக்குன புள்ளைய நான் ஒருநாளும் காக்க வச்சது கிடையாது." இந்த வாக்கியத்தில் மூச்சு எங்கும் முட்டவில்லை. ஒரே ஒரு வெட்டில் சுத்தமாகிவிட்டது. ஒலிபரப்பிலும் வைத்தேன்.

இருபதாவது நிமிடத்துக்குப் பிறகு வாக்கியங்கள் சிறிதாகிக்கொண்டே வந்தன. நான்கு சொல், மூச்சு. மூன்று சொல், மூச்சு. ஒன்பதாம் அத்தியாயத்தை நான் கேட்பதாக இல்லை. இருபத்தெட்டில் அவரே அதற்கு வந்தார்.

"தம்பி, எங்க வீட்டுக்காரரு பேசுனதுல திக்குனதும் பேச்சுதான். அந்த இடத்துலதான் அவுக இருந்தாக. நீங்க அவுகளை எடுத்துட்டு, மிச்சத்த ஒலிபரப்புனிய. கோவமாச் சொல்லல. ஒங்களுக்கும் தெரியட்டுமேன்னுதான் சொல்லுதேன். இதையாது வெட்டாம வையுங்க."

தலையாட்டினேன்.

முப்பத்து மூன்றாவது நிமிடம், பன்னிரண்டாவது வினாடியில் வலது கையைத் தூக்கினார். புடவைச் சரசரப்பு பதிவில் இருக்கிறது. ஆள்காட்டி விரல் மட்டும் நீண்டிருந்தது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை தூக்குவது போல.

நான் பார்க்கவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னேன். குறிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன். அது சரியில்லை. பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டேன். கேள்வியும் பதிவில் இருக்கிறது: "இன்னைக்குள்ள ஆசிரியர்களுக்கு நீங்க சொல்ல விரும்புறது என்ன டீச்சர்?"

அவர் பதில் சொல்ல முயன்றார். அதுதான் எனக்கு ஆச்சரியம். கையை இறக்காமலேயே இரண்டு சொல் சொன்னார். ஆசிரியர்கள் அப்படித்தான். கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் விட மாட்டார்கள்.

முப்பத்தைந்தில் கதவுக் கண்ணாடி வழியாக எப்சிபா எட்டிப் பார்த்திருக்கிறாள். தூக்கிய கையைப் பார்த்தாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதையும் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கையைத் தூக்கினால் அண்ணாச்சி பார்த்துக்கொள்வார் என்பது அவளுக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் சொல்லிக்கொடுத்தது. திரும்பிப் போய்விட்டாள். அவள்மேல் தவறில்லை. விதியை அந்தக் கட்டடத்தில் சரியாகக் கடைப்பிடித்தவள் அவள் ஒருத்திதான். இதை அவளிடம் சொல்லுங்கள். அவள் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

முப்பத்தாறில் டீச்சர் எழுந்தார். ஹெட்போன் வயர் இழுத்தது. நான் உள்ளங்கையைக் காட்டி உட்காரும்படி சைகை செய்தேன். எல்லா விருந்தினருக்கும் செய்கிற சைகைதான். உட்கார்ந்தார். கை மட்டும் மேலேயே இருந்தது. இடதுகையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கினால் யாராவது வருவார்கள் என்று முப்பத்தெட்டு வருடம் நம்பவைத்தவர், அவரும் நம்பினார்.

அப்போது அவருடைய தடத்தின் ஒலி அளவை இரண்டு புள்ளி ஏற்றினேன். விசில் மெலிந்துகொண்டே வந்தது. மெலிவதைப் பதிவு செய்ய ஏற்றித்தான் ஆக வேண்டும்.

முப்பத்தெட்டில் கை இறங்கியது. நாற்பத்திரண்டுக்குப் பிறகு முதல் தடத்தில் மூச்சு இல்லை. நாற்பத்தைந்தில் பதிவை நிறுத்தினேன். கோப்புக்குப் பெயர் கொடுத்துச் சேமித்தேன். வெளியே போய், அவர் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்துவந்து, வலது கைக்குப் பக்கத்தில் வைத்தேன். பிறகு எப்சிபாவைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரியில், "சாரல் நேரத்துல இந்த மாரி நெறைய வருது," என்றார்கள். டீச்சரின் அண்ணன் மகன் ஒருவர் வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா ஒங்கள்ட்ட பேசிட்டுத்தான் போயிருக்கா. அத்தை குரலை ஊரு கேக்கணும் சார்," என்றார். அவர் கை வியர்த்திருந்தது.

ஐந்து நாள் உட்கார்ந்தேன். ஒன்பதாம் அத்தியாயத்தை எடுத்தேன். இருமலை எடுத்தேன். விசில் எல்லாச் சொல்லுக்கும் அடியில் ஓடியது. சொல் சொல்லாக உரித்தேன். வழக்கமாக இரண்டு மூச்சுக்கு ஒன்றையாவது விட்டுவைப்பேன். கேட்கிறவர்களுக்கு அது தேவை. இந்தத் தடவை ஒன்றைக்கூட விட என் கை வரவில்லை. இருபத்து நான்கு நிமிடம் மிஞ்சியது. பளிங்கு.

ஞாயிற்றுக்கிழமை அஞ்சலியாகப் போட்டோம். நூற்றுக்கு மேல் வாட்ஸாப் செய்தி. 'டீச்சர் குரல் கண்ணாடி போல' என்று ஒரு தலைமையாசிரியர் அனுப்பியிருந்தார். எட்டு இருபத்தைந்துக்கு எப்சிபா ஒலிபரப்பு அறையிலிருந்து எழுந்து வந்து என் முன்னால் நின்றாள்.

"அண்ணாச்சி, டீச்சர் மூச்சே விடலியே."

"எடிட் பண்ணியிருக்கு."

"ஒரு மூச்சுகூட இல்லியே. மாடியேறி வந்ததும் என் கையப் புடிச்சுக்கிட்டுதான் நின்னாங்க. என் காதுக்குள்ள கேட்டுச்சு. இதுல பேசுறது யாரு?" பிறகு கேட்டாள்: "அந்த பம்பு தட்டுல பைக்குள்ளல்லா இருந்துச்சு. நீங்க எப்பம் எடுத்திய?"

அவள் அழுதபோது மூக்கு ஒழுகியது. துடைத்துக்கொள்ளவில்லை. அப்படியே படியிறங்கி உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள்.

மூச்சை முழுதாக எடுத்தது என் பிழை. தொழிலில் ஒரே ஒரு பிழை.

ஆகவே, ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு இழுப்பு இருப்பது தெரியும். சாரலில் வரவழைத்தது நான். பூஞ்சையை ஒட்டியது நான். மருந்தை வெளியே வைக்கச் சொன்னது நான். கையைப் பார்த்தேன், ஐந்து நிமிடம். எழுந்தவரை உட்கார வைத்தேன். இவை ஒவ்வொன்றுக்கும் ஒலி சம்பந்தமான காரணம் ஒன்று இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால் கொலை என்கிறீர்கள். சேர்ப்பது உங்கள் வேலை, நான் வெட்டுகிறவன். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது.

நேற்று முழுப் பதிவையும் எனக்குப் போட்டுக் காட்டினீர்கள். நாற்பத்து நான்காவது நிமிடத்தில் நிறுத்தி, "இது என்ன சத்தம் குமரகுரு?" என்று கேட்டீர்கள். மூன்று தடவை போட்டீர்கள். நாக்கு மேலண்ணத்திலிருந்து மெதுவாகப் பிரிகிறது. பிறகு எச்சிலை விழுங்குகிற சத்தம். பிறகு மறுபடி நாக்கு. பிடித்த பண்டத்தைத் தின்று முடித்தவன் சப்புக்கொட்டுகிற சத்தம். பதினோரு வருடத்தில் நான் கேட்டதிலேயே அருவருப்பானது அதுதான். எனக்கு வாந்தி வந்ததை நீங்களே பார்த்தீர்கள்.

அது டீச்சருடையது என்றேன். அவர் மூச்சு நின்று இரண்டு நிமிடம் ஆகிவிட்டது என்றீர்கள். சத்தம் இரண்டாம் தடத்தில் இருக்கிறது என்றீர்கள். உங்கள் கம்ப்யூட்டர் ஆளுக்கு அனுபவம் போதாது. ஒரு மைக்கின் ஒலி இன்னொன்றில் கசியும். அந்த வாய் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த அறையில் அப்படிப்பட்ட வாய் யாருக்கும் இல்லை.

கோர்ட்டில் போட்டுக் காட்டும்போது அந்த நான்கு வினாடியை வெட்டிவிடுங்கள். வேண்டுமானால் நானே வந்து வெட்டித் தருகிறேன். வெட்டியதை மட்டும் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.